படத்தின் ஓரத்தில் ஒரு செங்கல்

சுந்தரேஷுக்குப் போட்டோ எடுக்கும் பைத்தியம் நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் பிடித்தது. மகள் மேதா கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். அவளுடைய பழைய போன் அப்பா கைக்கு வந்தது. தில்லி மயூர் விஹாரில் அவர்கள் குடியிருந்த ஃப்ளாட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சஞ்சய் ஏரி. காலை நடைக்குப் போனவர் ஒரு நாள் தண்ணீரோரம் நின்ற கொக்கைப் படம் எடுத்துக்கொண்டு வந்து மகளிடம் காட்டினார். மேதா படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அச்சா, இதுல கொக்கு எங்கப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி உறைத்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக ஆபீஸில் நோட் எழுதி, மேலே இருப்பவர் திருத்தி, திரும்ப எழுதியே பழகிய மனிதர். தான் செய்த ஒரு காரியம் தனக்கே பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு முதல்முறையாக வந்தது. உட்கார்ந்து கற்றுக்கொண்டார். சட்டைப் பையில் கிடந்து கிடந்து லென்ஸில் பிசுக்கு ஏறியிருக்கும், எடுப்பதற்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும் என்பதே பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. விரலால் இழுத்துக் கிட்டே கொண்டுவருவதை விட்டுவிட்டு, காலால் நடந்து கிட்டே போகப் பழகினார். திரையில் கட்டம் போட்டுக்கொண்டு கரையை நேராக வைத்தார். திரையில் ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பிறகு வேண்டிய அளவுக்கு அதை ஏற்றி இறக்கலாம் என்று தெரிந்துகொண்ட அன்று மனைவி வைதேஹியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். "சரி, பாத்தாச்சு. பால் பொங்கறது," என்று அவள் போய்விட்டாள்.

இதையெல்லாம்விட முக்கியமாக அவர் கற்றுக்கொண்டது, எதைப் படத்துக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பது. ஏரியில் கொக்குக்குப் பின்னால் எப்போதும் பிளாஸ்டிக் குப்பை மிதக்கும். இரண்டடி இடது பக்கம் நகர்ந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் குப்பை நாணலுக்குப் பின்னால் போய்விடும். கொக்கு மட்டும் நிற்கும்.

அவர் பிரிவு அதிகாரியாக இருந்த அலுவலகம், தில்லிக்குப் பயிற்சிக்காக வரும் மாணவிகளுக்கென்று ஏழு விடுதிகளை நடத்திவந்தது. ஒரு வருஷம் ஆண்டு விழாவுக்குப் பேசியிருந்த போட்டோக்காரர் வராமல் போக, சுந்தரேஷ் போனில் எடுத்த படங்களே அறிக்கையில் அச்சாயின. மறுநாள் துணை இயக்குநர் இளஞ்செழியன் கூப்பிட்டனுப்பினார். மதுரைக்காரர், சுந்தரேஷைவிட ஐந்தாறு வயது சின்னவர், தேர்வு எழுதி நேரடியாக அதிகாரியானவர். அந்த மாடியில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டே பேர்தான். கதவைச் சாத்திவிட்டால் சகஜமாகப் பேசுவார்.

"பிரமாதமா எடுத்திருக்கீங்க சார். ஹாஸ்டல்கள்ல ரிப்பேர் முடிஞ்சதுன்னு போர்ட்டல்ல போட்டோ ஏத்தணும். நம்ம ஆளுங்க எடுக்கறதெல்லாம் கிணத்துக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு. நீங்க ஒருதடவை போயிட்டு வாங்களேன்."

முதலில் போனது துவாரகாவையும் தாண்டி இருந்த ஒரு விடுதிக்கு. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, நர்சிங் பயிற்சி பெறும் எண்பது பெண்கள். சுந்தரேஷ் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். ஓதம் ஏறி உப்பு பூத்த சுவர், ஒழுகும் குழாய், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, மூன்றாம் மாடித் தாழ்வாரக் கடைசியில் ஊறிப் பெருத்து நிலையோடு ஒட்டிக்கொண்ட மரக்கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவசரத்துக்கு இறங்கும் பின்படிக்கட்டு.

இளஞ்செழியன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"சார், நீங்க வாட்ஸ்அப்ல போடுவீங்களே கொக்கு, அதுக்குப் பின்னாடி குப்பை கிடக்கும்ல? அதையும் சேர்த்தா எடுக்கறீங்க?"

"இல்ல சார்."

"அவ்வளவுதான் நான் சொல்றதும். பொய் சொல்லச் சொல்லலை. நல்லா இருக்கறதை எடுங்க. ரிப்பேருக்கு ஆர்டர் போட்டாச்சு, வேலை தானா நடந்துடும். படம் கொஞ்சம் முன்னாடி போகுது, அவ்வளவுதானே?"

சுந்தரேஷ் திரும்பப் போனார். காலை பத்து மணி வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சரியாக விழும் அறையைத் தேர்ந்தெடுத்தார். தரையைத் துடைக்கச் சொல்லி, ஈரம் காய்வதற்குள் தாழ உட்கார்ந்து எடுத்தார். பழைய மொசைக் பளிங்கு மாதிரி மின்னியது. அகலமாகக் காட்டும் லென்ஸில் ஆறு கட்டில் போட்ட அறை கூடம்போல விரிந்தது. ஓதச் சுவருக்கு முன்னால் மடித்து வைத்த போர்வையை நிறுத்தி, பின்னணி கலங்கிப் போகும்படி வைத்தார்; சுவர் வெறும் இளநீலப் புகையாகிவிட்டது. தாழ்வாரக் கடைசியில் ஒட்டிக்கொண்ட கதவு தெரியாமலிருக்க ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தானே தூக்கி வைத்தார். அப்போது அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், தமிழா? போன்ல பேசினீங்களே, கேட்டுச்சு. நான் பொன்னி, தர்மபுரிப் பக்கம். அந்தக் கதவையும் எடுங்க சார். நாலு பேரு மோதினாத்தான் தொறக்குது. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டோம்."

"சொல்றேம்மா," என்றார் சுந்தரேஷ். எடுக்கவில்லை, சொல்லவும் இல்லை. மெட்ரோவில் திரும்பி வரும்போது தனக்குத்தானே ஒரு சமாதானம் தயார் செய்துகொண்டார். படத்தில் இருந்த எதுவும் இல்லாதது அல்ல. ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, போர்வை இருந்தது.

அப்புறம் அதுவே அவர் வேலையாகிவிட்டது. ஏழு விடுதிக்கும் அவரே போனார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஏப்ரலில் இடமாற்றப் பட்டியல் வந்தபோது அவர் பெயருக்கு எதிரே ஷில்லாங் என்று இருந்தது. மேதாவுக்கு அது கடைசி வருஷம். வைதேஹிக்கு முதுகுத்தண்டில் வலி, மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இளஞ்செழியன் சிரித்தார். "பேரை எடுத்துடலாம் சார். நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

பெயர் எடுக்கப்பட்டது. அன்று வைதேஹி கேசரி கிளறினாள். சுந்தரேஷ் சாப்பிட்டார். ஆனால் அன்றிலிருந்து இளஞ்செழியனின் பெயர் போன் திரையில் வரும்போதெல்லாம் கழுத்துப் பட்டன் இறுகுகிற மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. ஏரிக்குப் போவதும் குறைந்தது. போனாலும் கண் முதலில் குப்பையைத்தான் தேடியது, எங்கே நின்றால் மறையும் என்று. கொக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஜூலையில் வேறு ஏதோ ஊரில் ஒரு விடுதி தீப்பிடித்து எரிந்தது. உடனே மேலேயிருந்து உத்தரவு: எல்லா விடுதிகளிலும் அவசரப் படிக்கட்டு அடைசல் இல்லாமல், கதவு திறந்த நிலையில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் படம் ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சுந்தரேஷ் துவாரகா தாண்டிய விடுதியின் மூன்றாம் மாடியில் நின்றார். புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டியிருந்தது. மாணவிகள் எல்லாரும் ஆஸ்பத்திரிப் பணிக்குக் கிளம்பிவிட்டார்கள். வார்டன் சொந்த வேலையாக வெளியே போயிருந்தார். கடைசியாகக் கிளம்பிய பொன்னியும் இன்னொரு பெண்ணும்தான் கதவில் தோள் கொடுத்தார்கள். மூன்றாவது மோதலில் அது முனகிக்கொண்டு படிக்கட்டுப் பக்கமாகத் திறந்தது. பொன்னி படிமுனையில் கிடந்த செங்கலைக் காலால் தள்ளிக் கதவுக்கு அண்டை கொடுத்தாள்.

"செங்கலை எடுத்துடாதீங்க சார். சாத்திக்கிச்சுன்னா உள்ளேருந்து இழுக்கப் பிடி கிடையாது. கழண்டு வருஷமாச்சு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடினாள்.

சுந்தரேஷ் பையையும் தண்ணீர் பாட்டிலையும் தாழ்வாரத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினார். எட்டுப் படிக்குக் கீழே, மடக்குத் திருப்பத்தில் பழைய இரும்புக் கட்டில்கள், கிழிந்த மெத்தைகள், உடைந்த பீரோக் கதவு என்று சுவருக்குச் சுவர் அடைத்துக் கிடந்தன. கீழ்நோக்கி எடுக்க வழியே இல்லை. ஆனால் அந்தக் கட்டில்களின்மேலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மேல்நோக்கிப் பார்த்தால், அடடா! திறந்த கதவு, அதன் வழியே தாழ்வாரத்து வெளிச்சம் எட்டுப் படியிலும் வழிந்து இறங்கியது. வெளிச்சத்தைப் பூட்டினார், கொஞ்சம் இறக்கினார். எல்லாம் சரி. வலது ஓரத்தில் செங்கல்தான் உறுத்தியது.

அசைந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். எப்படி வைத்தாலும் செங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. செங்கல் இருந்தால் கதவு தானாக நிற்காது என்பது படத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பத்து விநாடி வேலை. மேலே ஏறிப் போய்ச் செங்கலை எடுத்துப் படிக்குப் பக்கவாட்டில் வைத்தார், விறுவிறுவென்று இறங்கினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுச் சுவரில் துளைத்துளையாக இருந்த ஜாலி ஜன்னல் வழியாக மழைக்காற்று ஒன்று புகுந்தது. கதவு ஆடியது. தலைதெறிக்க மேலே ஓடினார். கண்ணெதிரே அது போய் நிலையில் மோதிய சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. பிடி இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. விரலை விட்டு இழுத்தார், நகம் பிய்ந்தது. வீட்டுச் சாவியை விட்டு நெம்பினார், சாவி வளைந்தது. போனை எடுத்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. "மூன்றாம் மாடிப் பின்படியில் மாட்டிக்கொண்டேன், வார்டனுக்குச் சொல்லவும்" என்று ஆபீஸுக்கும் வைதேஹிக்கும் தட்டி அனுப்பினார். கடிகார அடையாளம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை.

"பையா! கோயி ஹை?" யாராவது இருக்கிறீர்களா என்று இந்தியில் கூவினார்.

அவர் குரல் படிக்கட்டில் இறங்கிப் போய், திரும்பி வந்தது. ஜாலி வழியாகப் பார்த்தால் அடுத்த கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தொண்டை கிழியக் கத்தினார். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி அவள் கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கீழே போய்விடலாம் என்று தோன்றியது. கட்டில்களின்மேல் ஏறினார். ஒன்று சரிந்து முழங்காலுக்குக் கீழே கிழித்தது. இரண்டாம் மாடிக் கதவு அந்தப் பக்கம் தாழ்ப்பாள். முதல் மாடியும் அப்படியே. தரைத்தளத்தில் தகரம் அடித்த இரும்புக் கிராதிக் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. பெண்கள் இந்த வழியாக வெளியே போய்விடக்கூடாது என்று வார்டன் போட்டது. தகர இடுக்கில் ஒரு நாயின் கால்கள் தெரிந்தன. கிராதியைப் பிடித்து உலுக்கினார். நாய் எழுந்து போய்விட்டது. நேரம் பார்த்தார். மூன்று மாடி இறங்க பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. பட்டப்பகல், புகை கிடையாது, பின்னால் தள்ளிக்கொண்டு வர யாரும் இல்லை, தான் ஒரே ஆள். அந்தக் கணக்கு தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே திரும்பி ஏறுவதற்கு இன்னும் அதிக நேரம் பிடித்தது.

ஒன்றரை மணி வாக்கில் உடம்பு வேலையைக் காட்டத் தொடங்கியது. சுந்தரேஷுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டு ஏழு மணிக்கு இரண்டு இட்லி தின்றவர். கை நடுங்கியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் கதவுக்கு அந்தப் பக்கம், நாலடி தூரத்தில் இருந்தது. கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். இங்கே மயங்கி விழுந்தால் எப்போது தெரியும்? ஆபீஸில் படம்தான் எதிர்பார்ப்பார்கள். ஆளைத் தேட மாட்டார்கள். வைதேஹி சாயந்தரம் வரைக்கும் கவலைப்பட மாட்டாள்.

பயத்தை மறக்க, எடுத்த படத்தைப் பார்த்தார். படி, வெளிச்சம், திறந்த கதவு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைப் பார்க்கிற எந்த அதிகாரியும் நிம்மதியாக அடுத்த ஃபைலுக்குப் போவார். ஆண்டவனே, நானாக இருந்தாலும் போவேனே என்று நினைத்துக்கொண்டார். அப்போது ஒரு கேவல் வந்தது. தன்னிடமிருந்துதான் வந்தது என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

பிறகு அவர் படம் எடுக்கத் தொடங்கினார். ஏதாவது செய்யாவிட்டால் தலை சுற்றும் என்றுதான் தொடங்கினார். முதல் படங்கள் கை நடுக்கத்தில் கலங்கிப்போயின. போனைப் படிமேல் செங்கலில் சாய்த்து நிறுத்தினார். விரல் பட்டால்கூட அசையும் என்று மூன்று விநாடி டைமர் வைத்தார். மங்கல் வெளிச்சத்தில் போன் நிதானமாக ஒளியை வாங்க வேண்டும். அதுவரை விலகி உட்கார்ந்துகொண்டார். கட்டில் அடைசலை அடியிலிருந்து மேல்வரை எடுத்தார். பிடியில்லாத துளையைக் கிட்டே போய், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தார். மறுபடியும் கீழே தவழ்ந்து போய், தாழ்ப்பாள் போட்ட இரண்டு கதவையும் பூட்டையும் எடுத்தார். எதையும் ஓரத்தில் தள்ளவில்லை. சர்க்கரை இறங்கி அரைமயக்கத்தில் எடுத்தாலும் பதினொரு படங்கள் பளிச்சென்று வந்தன. திரும்ப மேலே ஏறி வந்து, சார்ஜ் பதினைந்து சதவீதத்தில் நின்ற போனை அணைத்துவிட்டுக் கதவோரம் சுவரில் சாய்ந்தார்.

ஐந்து மணிக்குப் பக்கத்தில் கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "பை இங்கயே இருக்கு பாரு. சார்! உள்ளயா இருக்கீங்க?"

சுந்தரேஷ் உள்ளங்கையால் கதவைத் தட்டினார். பொன்னி ஆட்களைக் கூப்பிட்டாள். ஐந்து பெண்கள் கட்டில் சட்டத்தைக் கொண்டுவந்து இடித்தார்கள். திறந்ததும் எதையும் கேட்பதற்கு முன்னால் அவர்கள் செய்தது, அவர் வாயில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஊற்றி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. நர்சுப் பெண்கள்! கால் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டாள் ஒருத்தி. பொன்னி படிமேல் இருந்த செங்கலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா சார்?"

சுந்தரேஷ் தலையை ஆட்டினார். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் போன் உயிர் பெற்றது. இளஞ்செழியனிடமிருந்து ஒன்பது அழைப்புகள். திரும்பப் பேசியபோது உண்மையாகவே பதறினார். "அடடா, ஆறு மணி நேரமா! வண்டி அனுப்பட்டுமா சார்? டாக்டரைப் பாருங்க முதல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "டைம் திங்கட்கிழமை வரைக்கும் கேட்டு வாங்கியிருக்கேன். படம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"அப்பாடா. ஏத்திடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, வைதேஹியிடம் செங்கல் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு விதப் படங்களையும் காட்டினார். கால் கட்டைப் பார்த்து மறுபடியும் அழுதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியமாகப் பேசினாள்.

"ஏன்னா, நல்லதா இருக்கற ஒண்ணை ஏத்துங்கோ. தனியா ஒரு நோட் எழுதி, கட்டிலை அப்புறப்படுத்தச் சொல்லுங்கோ. ரெண்டும் நடக்குமே."

"ஹாஸ்டல்லேருந்து நோட்டு மூணு தடவை போயிருக்கு, வைதேஹி. கதவு பெருத்துண்டேதான் இருக்கு. படம் நன்னா இருக்கறவரைக்கும் நோட்டை யார் படிப்பா?"

"அப்போ ஷில்லாங்? மேதா? என் முதுகு?"

சுந்தரேஷ் போனைக் கவிழ்த்து வைத்தார். அவளும் அதற்குமேல் கேட்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மௌனம் அவருக்கு அந்தப் படிக்கட்டைவிடக் குறுகலாக இருந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் எண்பது பெண்கள், அந்தப் பக்கம் தள்ளினால் வீட்டில் இரண்டு பெண்கள். எந்தப் பக்கமும் பிடி இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால், அவர் தன் பெயரில் பதினொரு படங்களையும் ஏற்றினார். சமர்ப்பித்த பிறகு அழிக்க முடியாது என்று போர்ட்டல் ஒருமுறை எச்சரித்தது. ஆமாம் என்பதை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார்.

இளஞ்செழியன் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னை மாட்டி விட்டுட்டீங்களே சார். போன வருஷம் ரிப்பேர் முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான். எனக்கு மேல இருக்கறவங்க போடச் சொன்னாங்க. இப்போ அவங்க கேக்கறாங்க, ஏன் போட்டேன்னு. உங்களுக்காவது படிக்கட்டுல அஞ்சு பொண்ணுங்க வந்தாங்க."

சுந்தரேஷ் "மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் தவறு என்று எழுதிக் கொடுத்துப் படங்களைத் திரும்பப் பெற முடியுமா என்று இளஞ்செழியன் கேட்டபோது, "முடியாது சார்" என்று சொல்ல இந்தத் தடவை நாக்கு தடுமாறவில்லை.

மூன்று வாரத்தில் ஷில்லாங் உத்தரவு வந்தது. மூன்று வருஷம். இளஞ்செழியனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது என்று கேள்வி. வைதேஹி ஒரு வாரம் தேவைக்கு மேல் பேசவில்லை. மேதாதான் அந்தப் பதினொரு படங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப டராவ்னா இருக்குப்பா, பாத்தாலே பயமாருக்கு, மூச்சு முட்டறது," என்றாள். ஆஸ்பத்திரிக்கு அம்மாவைத் தானே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சுந்தரேஷ் விடுதிக்குப் போனார். அவருடைய போர்ட்டல் கணக்கு மூடப்பட்டிருந்தது. ஆபீஸ் காரியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்றாம் மாடியில் புது இரும்புக் கதவு போட்டிருந்தார்கள், ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. இரண்டு பக்கமும் பிடி இருந்தது. கட்டில்கள் போய்விட்டன; கீழ்மாடிக் கதவுகளில் தாழ்ப்பாளும் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி இறங்கினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழே தகரக் கிராதியில் அதே பூட்டு தொங்கியது.

முதல் மாடி வழியாக உள்ளே போய் வாசலில் வார்டனைக் கேட்டபோது அந்த அம்மாள் கையை விரித்தார். கதவுக்கும் கட்டிலுக்கும்தான் உத்தரவு வந்ததாம். பூட்டு வேறு ஃபைலாம், பாதுகாப்புப் பிரிவிலிருந்து வர வேண்டுமாம். சுந்தரேஷ் திரும்பப் போய்க் கிராதிக்கு முன்னால் நின்றார். மூன்று வருஷ ஷில்லாங், இளஞ்செழியனின் மெமோ, வைதேஹியின் ஒரு வார மௌனம், இவ்வளவும் கொடுத்து வாங்கிய படிக்கட்டு ஒரு பூட்டில் வந்து முடிந்திருந்தது. காலியான படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேலேயிருந்து செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பொன்னி, பணிக்குப் போகும் வெள்ளைச் சீருடையில்.

"என்ன சார், உக்காந்துட்டீங்க?"

"பூட்டு அப்படியே இருக்கேம்மா."

அவள் மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இழுத்துப் பாருங்க சார்."

எழுந்து பூட்டைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. வளையத்தின் பின்பக்கம் ரம்பத்தால் அறுத்திருந்தது; அறுத்த இடத்தில் இரும்பு புதிதாக மின்னியது.

"யாரும்மா இது?"

"யாருமில்லை சார்," என்றாள் பொன்னி. "வார்டன் மேடம் இந்தப் பக்கம் வர்றதே இல்லை. தூரத்துலேருந்து பார்ப்பாங்க, தொங்குதான்னு."

சுந்தரேஷ் பூட்டைப் பழைய இடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். அறுத்த வெள்ளை ஒரு கீற்று தெரிந்தது. திரும்பப் போய், அது சுவர்ப் பக்கம் இருக்கும்படி பூட்டைத் திருப்பி வைத்தார்.

"இப்போ தெரியலை," என்றார்.

பொன்னிக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவள் முதல் மாடிக்கு ஏறி முன்வாசல் வழியாக ஓடினாள். அவர் மெட்ரோவை நோக்கி நடந்தார். துவாரகா வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. வைதேஹி போனில் வந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவும், மேதா கூடவே இருப்பதாகவும் சொன்னாள். அப்புறம், "கம்பளி எத்தனை வைக்கட்டும்? அங்கே வருஷம் பூரா குளிராமே," என்று கேட்டாள்.

அந்த வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. "மூணு வை," என்றார் சுந்தரேஷ். வண்டி வந்து நின்றது. கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று.